காலி நாள்

இதை எவ்வளவு தூரம் சரியாகச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. அந்த வருஷம் சந்தில் கேபிளுக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்களா, இல்லை அது அடுத்த வருஷமா? ஜெனிபரின் கல்யாண கவுன் வெள்ளையா, பாலாடை நிறமா? பாத்திமாவைக் கேட்டால் பாலாடை என்பாள். அவள் கணவர் இருதயராஜைக் கேட்டால் வெள்ளைதான் என்று சண்டைக்கு வருவார். பேண்டுக்காரர்கள் முதலில் எடுத்தது சினிமாப் பாட்டா மாதா பாட்டா என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு கட்சி. இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பாத்திமா கல்யாண கவுன் தைப்பவள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் ஞானஸ்நானத்துக்கும் வெள்ளை உடுப்புகள் தைப்பாள். பூனாவின் சாங்வியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் மிஷின், ஜன்னல் கம்பியில் கவுன்கள், அதற்கு ஒட்டினாற்போலச் சமையலறை. இருதயராஜ் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காட்பாடிப் பக்கத்துக் குடும்பம். பூனாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு ஞாயிறு, வானவடியிலிருந்து வந்த மணப்பெண் முக்காட்டு வலையைத் தலையில் போட்டுப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். அவள் அம்மா வாங்கி முகர்ந்தாள். "மச்லி" என்றாள் மெதுவாக. மீன் வாடை. இருவரும் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். திரும்பி வரவில்லை.

பாத்திமாவோடு கூடத் தைக்கும் பவுன்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நெத்திலியா இருந்தா கூட தெரிஞ்சிருக்காதுக்கா. மாமா வாங்கினு வந்தது சுறா."

"மம்மி, குழம்பு பந்த் பண்ணிடு. ப்ராப்ளம் ஃபினிஷ்" என்றாள் மகள் ஜான்சி. ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. தமிழ் அவளுக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கும்.

"கொழம்ப நிறுத்தறதா?" இருதயராஜ் எழுந்தே விட்டார். "கடையே பாத்துடலாம்."

அவர் வேகத்தில் சொல்லிவிட்டார். பாத்திமா அதைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ரொம்ப நாளாக அவளுக்கு இருந்த ஆசை அது. கேம்ப் கடைவீதியில், சர்ச்சுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை, அதன் மேல் தான் தைத்த கவுன். இவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சர்ச்சில் கிடார் வாசிக்கும் சுனில் மற்ற நாட்களில் புரோக்கர். கிறிஸ்துமஸ் முடிந்த குளிரில் அவன் ஆக்டிவாவுக்குப் பின்னாலேயே இவர்கள் ஆட்டோவில் கேம்ப் முழுக்கச் சுற்றினார்கள். ஒரு கடை நடுவில் தூண் வைத்திருந்தது. ஒன்று மாடிப்படிக்கு அடியில். இன்னொன்று பரண் மாதிரி மேல்தட்டு, ஏணி வைத்து ஏற்றிவிட்டான். இருதயராஜ் குனிந்தே போய்க் குனிந்தே வந்தார்.

"இன்னாடா சுனிலு, இதுல பொண்ணு நிக்க முடியாதேடா."

"அங்கிள், இது மாளா. ரெண்ட் கம்மி. பொண்ணு உக்காந்துனு ட்ரயல் பாக்கட்டும்."

"கோயில்லயும் உக்காந்துனே போவச் சொல்றியா?"

கடைசியில் எம்.ஜி. ரோட்டிலிருந்து ஈஸ்ட் ஸ்ட்ரீட்டுக்குக் குறுக்கே போகும் ஒரு சந்தில் அந்த இடம் வந்தது. கல் கட்டடம், தரைத்தளத்தில் ஒரே ஒரு கடை, மேலே வீட்டுக்காரி. எதிரில் பேண்டு வாத்தியக்காரர்களின் கடை, பக்கத்தில் கொய்யா வண்டி. முன்னால் தெருவைப் பார்த்த கண்ணாடி, உள்ளே சதுரமான தரை, சாம்பல் நிறக் கல் பாவியது. பின்சுவரில் ஒரு பரண். பாத்திமா நடுவில் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாமல் அத்தனை நேரம் நின்றதைப் பார்த்தே இருதயராஜுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரி ஷபானா போரா முஸ்லிம் அம்மாள்; சந்துக்கே ஆபா, அதாவது அக்கா. அறுபதைத் தொட்ட வயது, பூவேலை செய்த ரிதா உடுப்பு, கையில் எப்போதும் சாவிக்கொத்து. அவள் வீட்டுப் படிக்கட்டின் அடியில் ஒரு பலகை தொங்கியது. மராத்தியிலும் இங்கிலீஷிலும்: 'ஒன்றிலிருந்து நான்கு வரை மணி அடிக்கக் கூடாது. கட்டடம் தீப்பிடித்தாலும்.'

அவள் இந்தியில் நிபந்தனையைச் சொன்னாள்.

"எல்லாரையும் போலப் பதினோரு மாசம் அக்ரிமெண்ட். ஆனா முடியற அன்னிக்கு என் வழக்கம் ஒண்ணு இருக்கு. கடை காலியாகணும். ஆணி, அட்டை, நூல், எல்லாம் வெளியே. பெருக்கிட்டு சாவிய என் கைல குடுக்கணும். ஒரு நாள் முழுக்கக் கடை என்னோடது. சாயங்காலம் விளக்கு வெக்கறப்ப எனக்கு இஷ்டம்னா சாவி திரும்ப வரும்."

"இஷ்டம் இல்லன்னா?" என்றார் இருதயராஜ்.

"வராது."

அவளுக்குக் காரணம் இருந்தது. முன்பு அங்கே ஒரு குடை வியாபாரி இருந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கோர்ட், வாய்தா, கோர்ட் என்று ஷபானாவின் கணவர் காலமே போய்விட்டது. கடை கைக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

"ஒரு ஊசி உள்ள கிடந்தாலும் சாவி வராது" என்றாள் அவள். "ஒரு ஊசி."

பாத்திமா தலையாட்டினாள். சங்கராந்தியன்று, வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு வந்து கடை திறந்தார்கள். ஷபானா எள்ளுருண்டை கொடுத்தாள். இவர்கள் தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல நாளாக அமைந்தது என்று பூரித்துப் போனதில், அன்றிலிருந்து பதினோரு மாதம் எங்கே போய் முடியும் என்று விரல் விட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடை ஓடியது. ஏப்ரல் வெயிலில் புதுநன்மைக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. சாட்டின் துணி ஈரம் குடிக்காமல் இருக்கப் பவுன் சாம்பிராணிச் சட்டியை மூலைக்கு மூலை நகர்த்துவாள். பொம்மைகளுக்கு அவள் பெயர் வைத்தாள். நின்ற பொம்மை மார்த்தா. சாய்ந்த பொம்மை மதலேன். சுனில் எங்கோ மலிவாகப் பிடித்து வந்த தலையில்லாத பொம்மைக்கு 'மாமா'.

"ஏன்டி, நான் இன்னா தலையில்லாதவனா?" என்பார் இருதயராஜ்.

"இல்ல மாமா. பேசாம நிக்குது பாருங்க, அதான். உங்களுக்கு ஒரு ஒதாரணம்."

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சந்து அப்படியே கண்ணயரும். ஷட்டர்கள் பாதி இறங்கும். கொய்யாக்காரர் கோணிக்கு அடியில் படுத்துவிடுவார். மேலே ஷபானா வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். அந்த அமைதி பாத்திமாவுக்குப் பிடிக்கும். கையால் முத்துத் தைக்கும் வேலையை அதற்கென்றே ஒதுக்கி வைப்பாள். பவுன்கூட அப்போது பேசமாட்டாள்.

நவம்பர் கடைசியில் சுனில்தான் கேட்டான். "ஆன்ட்டி, அக்ரிமெண்ட் எப்ப முடியுது?"

பாத்திமா காலண்டரைப் பார்த்தாள். டிசம்பர் நடுவில். கிறிஸ்துமஸ் துணி, கல்யாண சீசன், எல்லாம் தலைக்கு மேல் ஏறி நிற்கும் நேரம். அதைவிட, அதற்கு மறுநாள் காலை நிக்டிப் பெண் ஜெனிபரின் கல்யாணம்.

"காலி பண்ணவே கூடாது" என்றார் இருதயராஜ். அவருடைய யூனியன் கால நண்பர் ஒருவர் வக்கீலுக்குப் படித்துப் பாதியில் விட்டவர். அவரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். "சாவிய குட்த்தா கதை முடிஞ்சிச்சி. மொபைல் கவர் விக்கறவன் ஒர்த்தன் ரெண்டு மாசமா அந்தம்மா வீட்டுப் படி ஏறி எறங்கினு கீறான். தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் குடுப்பியா?"

"தலையாட்டிட்டு வந்தமில்ல."

"தலையாட்டறதெல்லாம் சட்டமா?"

பாத்திமா ஊசியில் நூல் கோத்தாள். அவள் பேசாமல் இருந்தால் அவருக்குத் தாங்காது. வாசலுக்குப் போனார், வந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி போனார். நண்பர் இன்னொரு யோசனையும் சொல்லியிருந்தார்: ஒரு சாமானாவது உள்ளே இருந்தால் இடம் உங்கள் வசம் இருப்பதாகக் கணக்கு. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

அந்த நாள் நல்ல குளிர். சந்துக் கல்லில் பனி ஈரம் இருந்தது. வாயில் புகை விட்டுக்கொண்டே சாமான்களை இறக்கினார்கள். மிஷின்கள் பேண்டுக்கடைத் தாழ்வாரத்துக்குப் போயின. கவுன்களை எங்கே வைப்பது என்று திகைத்தபோது கொய்யாக்காரர் வண்டிக்கு மேல் கயிறு கட்டிக் கொடுத்தார். மார்த்தாவும் மதலேனும் எதிர்ச்சுவர் ஓரமாக, வெயிலில், முழு அலங்காரத்தோடு நின்றார்கள். இடம் போதாமல் 'மாமா'வைச் சர்ச் ஹாலில் விட்டுவர சுனில் ஆக்டிவாவின் பின்சீட்டில் துப்பட்டாவால் கட்டினான். கவுனைக் கழற்ற நேரமில்லை. சந்து முனையிலேயே டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"பின்னாடி ஹெல்மெட் எங்கே?"

"சாப், தலையே இல்லை" என்றான் சுனில்.

போலீஸ்காரர் சுற்றி வந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டிப் போகச் சொன்னார். அதற்குள் எம்.ஜி. ரோட்டில் போனவர்கள் ஒவ்வொருவராகச் சந்துக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணமா? சினிமா ஷூட்டிங்கா? வெள்ளை கவுன்கள் வரிசையாகக் காற்றில் ஆடுவதைப் பார்த்த பேண்டுக்காரர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ட்ரம்பெட்காரர் ஒரு பாட்டை எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் ஃப்ராக் எடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. மாடிப்படியில் உட்கார்ந்து பவுன் அளவெடுத்தாள். ஜான்சி அன்று லீவு; கொய்யா வண்டியை நெருங்கி வந்தவர்களுக்கெல்லாம் "டச் மத் கரோ, தொடாதீங்க, ஹாத் லாவு நகா" என்று மூன்று பாஷையிலும் கத்திக்கொண்டிருந்தாள்.

"கடைக்குள்ள இருந்ததுக்கு இது தேவலாம்க்கா" என்றாள் பவுன். "தெருவுலயே கெடப்பமா?"

பாத்திமா கடையைப் பெருக்கினாள். கல்லைத் துடைத்தாள். சாவியைக் கொண்டுபோய் ஷபானாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஷபானா ஒரு நாற்காலியை எடுத்துவந்து காலிக் கடையின் நடுவில் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். பேண்டு வாசித்தது, அவள் அசையவில்லை. ஒரு மணி அடித்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு மேலே போனாள். ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பேண்டும் ஓய்ந்தது.

சாயங்காலம் வருவதாக இருந்த ஜெனிபர் அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நாலு மணிக்குச் சர்ச்சில் ஒத்திகையாம், ஃபாதர் நேரத்தை மாற்றிவிட்டாராம்.

"ஆன்ட்டி, ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடறேன்."

கவுனை இறக்கினார்கள். கயிற்றில் மடிந்து தொங்கியதில், பின்னால் தரையில் இழுபடும் வால் முழுக்கச் சுருக்கம், வாழையிலையைக் கசக்கிப் பிரித்த மாதிரி.

"இஸ்திரிப் பெட்டி எங்க பவுனு?"

"மாமா எடுத்துனு வந்தாரே."

எல்லாரும் இருதயராஜைப் பார்த்தார்கள். அவர் கொய்யாவைப் பார்த்தார்.

"இன்னாங்க?"

"பரண் மேல கீது."

"மறந்துட்டீங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "வெச்சேன்" என்றார். "நம்ப சாமான் ஒண்ணு உள்ள இருந்தா..."

பவுன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சந்து முனையில் இஸ்திரிக்காரர் வண்டி இருந்தது. வண்டிக்கு அடியில் அவர் தூக்கம். எழுப்பினாலும் கரிப்பெட்டியை சாட்டின் மேல் வைக்க யாருக்குத் தைரியம்? ஒரு ஊசி கிடந்தாலும் சாவி வராது. அங்கே கிடப்பது ஊசி இல்லை.

பாத்திமா படியேறினாள். பலகையைத் தாண்டினாள். மணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

கீழே வெயிலும் கவுன்களும் தெரிந்தன. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை நின்ற இடத்தில் இறங்கிய ஷட்டர். பதினோரு மாதம் போதுமென்று நினைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். நினைக்க முடியவில்லை. நாலு மணி வரை பேசாமல் இருந்துவிட்டால்? சாயங்காலம் சாவி வந்தாலும் வரும். பெட்டி பரணில் இருந்தது தெரியாமலே போகும். ஆனால் ஜெனிபர் சுருக்கத்தோடு போவாள். நாளைக்குக் கோயிலில் எல்லாரும் அந்த வாலைத்தான் பார்ப்பார்கள். பாத்திமா வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு மணியை அழுத்தினாள்.

ஷபானா கதவைத் திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல ஆபா." பாத்திமா இந்தியில் திணறாமல் சொல்லிவிட்டாள். "என் வீட்டுக்காரர் உங்க பரண்ல எங்க இஸ்திரிப் பெட்டிய வெச்சிருக்காரு. மறதி இல்ல. வேணும்னேதான். நீங்க எங்கள வெளிய தள்ள முடியாதபடி. எனக்கு இப்பதான் தெரியும். கடைய யாருக்கு வேணா குடுங்க. கீழ ஒரு கல்யாணப் பொண்ணு நிக்கிறா. பெட்டிய மட்டும் எடுத்துக் குடுங்க."

ஷபானா உள்ளே திரும்பினாள். பிறகு சாவிக்கொத்து குலுங்கியது.

சந்தே எழுந்து நின்றது. ஷபானா ஷட்டரைத் தூக்கினாள். இருதயராஜைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். அவர் ஏறிப் பரணில் கைவிட்டு, மஞ்சள் துணியில் சுற்றிய பெட்டியை எடுத்து இறங்கினார்.

"வேற?"

"வேற இல்ல."

"ஜேப்?"

அவர் சட்டைப்பையைக் காட்டினார். பேண்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி நாக்கு நீட்டித் தொங்கியது. கொய்யாக்காரர் முதலில் சிரித்தார்.

கடைக்குள்ளேயே கம்பளி விரித்துப் பாத்திமா தேய்த்தாள். பவுன் புடவையை மறைப்பாகப் பிடிக்க, ஜெனிபர் உடுத்தினாள். கடை இத்தனை நாளும் சாமான் நிறைந்த இடம். தைத்த எந்த வாலையும் அங்கே முழுசாக விரித்ததில்லை, மடித்தும் சுருட்டியும்தான் பார்த்திருக்கிறார்கள். இப்போது பவுன் நுனியைப் பிடித்துப் பின்னாலேயே போய் மெதுவாக விட்டாள். துடைத்த சாம்பல் கல் மேல் அது வாசலிலிருந்து பின்சுவர் வரை படர்ந்து இறங்கியது. முத்துகள் பாதையாக ஓடின. தான் தைத்ததைப் பாத்திமாவே அன்றுதான் பார்த்தாள்.

ட்ரம்பெட்காரர் வாத்தியத்தைத் தூக்கிவிட்டு, வாசிக்காமல் இறக்கினார்.

ஷபானா சுவரோரமாக ஒட்டி நின்றாள், வாலை மிதித்துவிடாமல். அப்புறம் சொன்னாள்.

"இத்தனை வருஷம் கேஸ் நடத்தி வாங்கின இடம். காலியா இருந்தா எப்படி இருக்கும்னு இதே நெனப்பா இருந்தேன். காலைலேருந்து உக்காந்து பாத்தேன். நாலு சுவரு. அரை மணி நேரத்துல தூக்கம் வந்துருச்சு."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ரிதாவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"இது என் பரண்ல இருந்துச்சு. வெளக்கு வெக்கற வரைக்கும் என்னோடது. எங்கிட்டயும் கசங்கின துணி கிடக்கு."

பெட்டியோடு மேலே போய்விட்டாள். ஜெனிபர் ஒத்திகைக்குக் கிளம்பினாள். பேண்டுக்காரர்கள் ஆட்டோ வரை வாசித்துக்கொண்டே போனார்கள். தூக்கம் கலைந்த சந்தில் அன்று ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கொய்யா வண்டியில் விளக்கு ஏற்றியபோது ஷபானா இறங்கி வந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சாவி. சாவியைப் பாத்திமாவிடம் கொடுக்கவில்லை. இருதயராஜிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷமும் காலி நாள் உண்டு. நீங்கதான் சாவி கொண்டுவரணும். பையை வெளிய இழுத்துவிட்டுக்கிட்டு."

"வரேன் ஆபா" என்றார் அவர்.

"ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டு கருவாடு சாப்பிடுங்க. எனக்கும் ஒரு கிண்ணம் வரட்டும். கடைக்குள்ள வேணாம்."

அன்று இரவு சாங்வி வீட்டில் சுறாக் கருவாட்டுக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது ஜெனிபர் நிக்டியிலேயே இருக்கிறாள். அவள் மகளின் ஞானஸ்நான உடுப்பும் இங்கேதான் தைத்தது. பவுன் சாங்வியில் தனியாக ரவிக்கைக் கடை போட்டுவிட்டாள், காலி நாளுக்கு மட்டும் வந்துவிடுவாள். சுனில் வாக்கடில் ஃபிளாட் விற்கிறான். ஜான்சிக்குக் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். அவள் கவுனின் வாலைக் காலிக் கடையில்தான் விரித்துப் பார்த்தார்கள். மொபைல் கவர்காரருக்கு ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. ஷபானா ஒன்றிலிருந்து நான்கு வரை தூங்குகிறாள். அக்ரிமெண்ட் முடியும் நாளை அவளே இப்போது பேண்டுக்காரர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறாள். இருதயராஜ் ஒவ்வொரு முறையும் பைகளை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, சாவியோடு அந்தப் படியேறுகிறார். இஸ்திரிப் பெட்டியும் இருக்கிறது. பிடி மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.